பிள்ளைக்கு இ.எச்.சி மதிப்பீடு கேட்பது: தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் காத்திருக்கும்போது யாராவது ஒருவர் மெல்ல என் பக்கத்துக் கதிரைக்கு வருவார். வேலை, வீட்டு வாடகை என்று கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்கட மகனுக்கு ஏதோ பிளான் எடுத்தனீங்களாமே?" என்று கேட்பார். ஓம், எடுத்தேன். முதல் தடவை மறுத்தார்கள், இரண்டாம் தடவைதான் கிடைத்தது. அதற்குப் பிறகு பல குடும்பங்களுக்குக் கடிதம் எழுத உதவியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. இதில் உள்ளதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டமும் வேறு, பெயர்களும் வேறு.

இ.எச்.சி என்றால் என்ன? பள்ளிக்கூடம் "சென் சப்போர்ட்" தருகிறதென்று சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. சென் (விசேட கல்வித் தேவை) சப்போர்ட் என்பது பள்ளிக்கூடம் தன் கையிலிருக்கும் பணத்திலும் ஆட்களிலும் தரும் உதவி. சின்னக் குழுவில் வாசிப்பு, ஒரு உதவி ஆசிரியர் பக்கத்தில் இருப்பது, இப்படி. அதைப் பொறுப்பாகப் பார்ப்பவர்தான் சென்கோ. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒருவர் இருப்பார். பெயர் தெரியாவிட்டால் நாளைக்கே கேட்டு வையுங்கள்.

இ.எச்.சி (எஜுகேஷன், ஹெல்த் அண்ட் கேர்) பிளான் உள்ளூர்க் கவுன்சில் தருவது. கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றும் அதற்குள் வரும். 25 வயது வரை தொடரலாம். அதில் எழுதியிருக்கும் கல்வி உதவியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கவுன்சிலைக் கட்டிப்போடுகிறது. பணமில்லை, ஆளில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தப் பிளானுக்குப் போகும் முதற் படிதான் மதிப்பீடு. 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தில் 36ஆம் பிரிவு இதைப் பற்றியது. அந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், கடிதத்தில் தேவைப்படும்.

டொக்டரின் ரிப்போர்ட் வந்த பிறகுதானே கேட்கலாம்? ஓட்டிசத்துக்கு வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறோம்.

காத்திருக்க வேண்டாம். கவுன்சில் பார்க்கவேண்டியது இரண்டே விஷயம். பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கக்கூடுமா? அதற்கு ஒரு பிளான் வழியாக உதவி செய்வது அவசியமாகக்கூடுமா? இரண்டிலும் அந்த "கூடும்" இருக்கிறது. நிரூபிக்கச் சொல்லவில்லை. நோயின் பெயர் எழுதிய தாளையும் சட்டம் எங்கேயும் கேட்கவில்லை.

இந்தக் கூடும் என்ற சொல் கீழே பல பதில்களில் திரும்பத் திரும்ப வரும். நான் முதல் தடவை தோற்றதற்கு அது தெரியாததும் ஒரு காரணம்.

பள்ளிக்கூடம்தானே கேட்கவேண்டும்? நாங்கள் நேரே கேட்டால் அவர்களுக்குக் கோபம் வராதா?

பெற்றோர் நேரடியாகக் கவுன்சிலிடம் கேட்கலாம். பள்ளிக்கூடமும் கேட்கலாம். பிள்ளை கட்டாயக் கல்வி வயதைத் தாண்டிவிட்டால் பிள்ளையே கேட்கலாம். யார் கேட்டாலும் கவுன்சில் பார்ப்பது மேலே சொன்ன அதே இரண்டு கேள்விகளைத்தான்.

கோபம் வருமா என்றால், எனக்குத் தெரிந்தவரை அநேகமாக வராது. கேட்கவேண்டுமென்று தெரிந்தும் நேரமில்லாமல் இருக்கும் சென்கோக்கள்தான் அதிகம். அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கையிலிருக்கும் குறிப்புகளின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். "இப்போ கேட்டாலும் கிடைக்காது" என்று சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு அனுப்புங்கள். முடிவு கவுன்சிலினுடையது.

"இங்கிலீஷ் இன்னும் சரியாக வரவில்லை, அதுதான் பின்தங்குகிறான்" என்று ரீச்சர் சொல்கிறா. வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்தவேண்டுமா?

நிறுத்தாதீர்கள். எங்கள் ஆட்களை அதிகம் குழப்புவது இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்று அதே 2014 சட்டம் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் சில பள்ளிக்கூடங்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கின்றன: வீட்டில் தமிழ், ஆகவே வேறு பிரச்சினை இருக்கமுடியாது என்று. ஒரு பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். இங்கிலீஷ் புதிது, அதோடு வாசிப்பு இடர்பாடும் உண்டு.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்யக்கூடியவர் நீங்கள்தான். தமிழில் பிள்ளை எப்படி? "மேல போய், அப்பாட நீலச் சட்டையை எடுத்து, கதிரையில போடு" என்று தமிழில் சொன்னால் மூன்றையும் செய்கிறானா, அல்லது படியில் நின்று "என்ன?" என்று கேட்கிறானா? அம்மம்மாவோடு போனில் கதைக்கும்போது நடந்ததை வரிசையாகச் சொல்ல வருகிறதா? அதே வீட்டில், அதே மொழியில் வளர்ந்த அக்கா அந்த வயதில் எப்படி இருந்தாள்? தமிழிலும் அதே இடத்தில் தடுக்குகிறது என்றால் இங்கிலீஷ் மட்டும் காரணம் இல்லை. ரீச்சருக்குத் தமிழ் தெரியாது, அவரால் இதைக் கண்டுபிடிக்கமுடியாது. நீங்கள்தான் எழுதவேண்டும். மதிப்பீட்டின்போது இரண்டு மொழியிலும் பார்க்கவேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள்.

அவன்ட அப்பாவும் நாலு வயதிலதான் கதைத்தவர் என்று மாமியார் சொல்றா. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமா?

மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் என்ன இடர்பாடு இருந்தது என்று யாரும் பார்க்கவுமில்லை. பொறுத்துப் பார்க்கும் நேரத்தில் கடிதம் ஒருபக்கம் ஓடட்டும். எல்லாம் முடிய ஐந்து மாதமாவது ஆகும். அதற்குள் பிள்ளை தானாகத் தேறிவிட்டால் சந்தோசம், விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கடிதத்தில் என்ன எழுதுவது? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது.

இலக்கணப் பிழைக்காக யாரும் மறுக்கமாட்டார்கள். கவுன்சிலின் இணையத்தில் படிவம் இருக்கும், அதில் எழுதலாம். சாதாரண மின்னஞ்சலும் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பள்ளிக்கூடம், "2014 சட்டத்தின் 36(1) பிரிவின் கீழ் இ.எச்.சி மதிப்பீடு கேட்கிறேன்" என்ற வரி, பிறகு காரணங்கள். திகதி போடுங்கள், அனுப்பியதற்கு ஆதாரம் வைத்திருங்கள். போனில் கேட்டது கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காரணங்களில்தான் நாங்கள் கோட்டை விடுகிறோம். என் முதற் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அன்பான பிள்ளை, பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பான், பாட்டுப் போட்டியில் பரிசு எடுத்தவன். கலியாணப் பேச்சுக்கு அனுப்பும் குறிப்பு மாதிரி! கடைசி வரியில் மட்டும் "படிப்பில் கொஞ்சம் உதவி தேவை". அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லே போதும், மறுப்பதற்கு.

இரண்டாம் தடவை மூன்று கிழமை கொப்பியில் எழுதி வைத்தேன். ஒரு நாள் இப்படி: "திங்கள். வீட்டுப்பாடம், 4 கணக்கு. 1 மணி 10 நிமிடம். கேள்வியை 5 தடவை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது கணக்கில் அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்தது. மேசைக்குக் கீழே போய் இருந்தான். இரவு 11 மணிக்குத்தான் நித்திரை." இதில் ஒரு பெயரடைகூட இல்லை. எத்தனை நிமிடம், எத்தனை தடவை, பக்கத்தில் யார் இருக்கவேண்டியிருந்தது, விட்டால் என்ன நடந்தது, அவ்வளவுதான். கூடவே பள்ளி அறிக்கைகள், ரீச்சரின் மின்னஞ்சல்கள், ஜீ.பி (குடும்ப டொக்டர்) கடிதம், எது இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள். அறிக்கையில் "வேர்க்கிங் டுவோர்ட்ஸ்" என்று போட்டிருந்தால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் நிலையை இன்னும் எட்டவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

அனுப்பியாச்சு. எப்போது பதில் வரும்?

கடிதம் கவுன்சிலுக்குக் கிடைத்த நாளிலிருந்து 6 கிழமைக்குள், மதிப்பீடு செய்வதா இல்லையா என்று சொல்லவேண்டும். செய்தபிறகு பிளான் தேவையில்லை என்று முடிவெடுத்தால் அதை 16ஆம் கிழமைக்குள் அறிவிக்கவேண்டும். பிளான் தருவதென்றால் முடிவான பிளான் 20 கிழமைக்குள் கையில் இருக்கவேண்டும். கோடை விடுமுறை குறுக்கே வந்தால் சில கட்டங்களில் விலக்கு உண்டு.

இது சட்டம். நடைமுறை வேறு. 2024இல் புதிதாக வந்த பிளான்களில் 46.4 வீதம்தான் 20 கிழமைக்குள் வந்தன என்று அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது. அனுப்பிய அன்றே காலண்டரில் 6, 16, 20 மூன்றையும் குறித்துவிடுங்கள்.

மதிப்பீடு என்றால் பிள்ளையை எங்கேயாவது கூட்டிப்போய்ப் பரீட்சை வைப்பார்களா?

பரீட்சை மாதிரி ஒன்றுமில்லை. கவுன்சில் பல பேரிடம் அறிக்கை கேட்கும்: நீங்கள், பள்ளிக்கூடம், சுகாதாரத் துறை, சமூகப் பராமரிப்புத் துறை, கல்வி உளவியலாளர். உளவியலாளர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளையோடு இருந்து பார்ப்பார், உங்களோடும் கதைப்பார். பேச்சுச் சிகிச்சையாளர் போன்ற வேறு ஒருவரின் அறிக்கை தேவையென்று நீங்கள் நியாயமான காரணத்தோடு கேட்டால் அதையும் எடுக்கவேண்டும். கேட்காவிட்டால் எடுக்கமாட்டார்கள், ஆகவே கேளுங்கள்.

பிரைவேட்டாகக் காசு கட்டி உளவியலாளரின் ரிப்போர்ட் எடுத்தால் கெதியாகக் கிடைக்குமாமே?

விண்ணப்பிக்க அது தேவையே இல்லை. மதிப்பீடு செய்ய ஒப்புக்கொண்டால் அந்த அறிக்கையைக் கவுன்சில் தன் செலவில் எடுக்கவேண்டும், மேலே சொன்னபடி. பிற்பாடு வழக்கு என்று போனால் தனியார் அறிக்கை சில நேரம் உதவும். ஆரம்பத்திலேயே சீட்டுக் காசை எடுத்து இதில் போடாதீர்கள்.

"பள்ளிக்கூடம் முதலில் 6,000 பவுண் செலவழித்துக் காட்டவேண்டும்", "இரண்டு தவணை பார்த்துவிட்டுத்தான்" என்கிறார்கள். உண்மையா?

6,000 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பிள்ளைக்கு மேலதிகமாகத் தேவைப்படும் உதவியில் ஆண்டுக்கு முதல் 6,000 பவுண் வரை பள்ளிக்கூடம் தன் பட்ஜெட்டிலிருந்து கொடுக்கும் என்பது நிதி ஏற்பாடு. அதை மதிப்பீட்டுக்கு நிபந்தனையாகச் சட்டம் வைக்கவில்லை. சென் சப்போர்ட்டில் வரும் "மதிப்பிடு, திட்டமிடு, செய், மீள்பார்" என்ற சுற்றை இத்தனை தடவை முடித்திருக்கவேண்டும் என்ற கணக்கும் சட்டத்தில் இல்லை. பள்ளிக்கூடம் இதுவரை என்ன செய்தது என்று கவுன்சில் கேட்பது நியாயம்தான், பதில் சொல்லுங்கள். ஆனால் கடைசியில் பார்க்கவேண்டியது அந்த இரண்டு "கூடும்" கேள்விகளைத்தான். "எங்கள் கவுன்சிலின் கொள்கை" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டப் பிரிவில் இருக்கிறது என்று மரியாதையாக மின்னஞ்சலில் கேளுங்கள். அநேகமாக அதற்குப் பதில் வராது.

வகுப்பில் நல்ல பிள்ளை, மார்க்ஸும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும்தான் வெடிக்கிறாள். இதற்கும் கேட்கலாமா?

கேட்கலாம். மார்க்ஸ் குறைவது மட்டுமே விசேட தேவை என்று யாரும் சொல்லவில்லை. அரசின் வழிகாட்டியில் நான்கு வகை இருக்கிறது: தொடர்பாடல், கற்றல், சமூக-உணர்வு-மனநலம், புலன் மற்றும் உடல் சார்ந்தவை. நாள் முழுக்க அடக்கி வைத்திருந்து காரின் கதவு சாத்தியதும் அழுது கத்தும் பிள்ளைகள் நிறைய. முக்கியமாகப் பெண்பிள்ளைகள், "அடக்கமான பிள்ளை" என்று நாங்களே அதைப் பாராட்டியும் விடுகிறோம்.

இது கொஞ்சம் கடினமான விண்ணப்பம், ஒளிக்கவில்லை. பள்ளிக்கூடம் "இங்கே ஒன்றும் இல்லையே" என்று எழுதும். அப்படியானால் பள்ளிக்கூடத்தோடு தொடர்புபட்டதை எழுதுங்கள்: ஞாயிறு இரவு வயிற்றுவலி, சீருடை போட எடுக்கும் நேரம், மதியச் சாப்பாடு தொடாமல் திரும்பி வரும் நாட்கள், விடுமுறையில் இவை எல்லாம் மறைந்துவிடுவது. அந்தக் கடைசி விஷயத்துக்கு நல்ல பெறுமதி உண்டு.

மறுத்துவிட்டார்கள். இனி அடுத்த வருடம்தானா?

நான் அப்படித்தான் நினைத்தேன். அரசாங்கம் இல்லை என்றால் இல்லை என்று எண்ணிக் கடிதத்தை லாச்சிக்குள் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் மேன்முறையீடு பற்றி எழுதியிருந்ததை வாசித்தபோது காலம் கடந்துவிட்டது. நீங்கள் இரண்டாம் பக்கத்தையும் வாசியுங்கள்.

மறுப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து 2 மாதம், அல்லது மீடியேஷன் (சமரசப் பேச்சு) சான்றிதழ் திகதியிலிருந்து 1 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை சென்ட் ட்ரைபியூனலுக்கு, அதாவது விசேட கல்வித் தேவை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதலில் மீடியேஷன் ஆலோசகரோடு தொடர்புகொள்ளவேண்டும். உட்கார்ந்து பேச விருப்பமில்லை என்றாலும் சான்றிதழ் தருவார்கள், அது இருந்தால் போதும். ட்ரைபியூனலுக்குக் கட்டணமில்லை, சட்டத்தரணி கட்டாயமில்லை, மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மதிப்பீடு மறுத்த வழக்குகளைத் தாள்களை மட்டும் வைத்தே முடிப்பதும் உண்டு. தீர்ப்பு வரை போகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் பக்கமே முடிகின்றன.

காலம் கடந்துவிட்டால் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம் பொறுக்கவேண்டும் என்று சொல்வார்கள். அது மதிப்பீடு செய்து முடித்த பிள்ளைகளுக்கான விதி. மதிப்பீடே மறுக்கப்பட்ட பிள்ளைக்குப் பொருந்தாது. இலவச உதவிக்கு ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற சேவை இருக்கவேண்டும். இப்சியா என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

ஒப்புக்கொண்டார்கள், ஆனால் 20 கிழமை தாண்டி 30 ஆகிவிட்டது.

தாமதத்துக்கு ட்ரைபியூனல் இல்லை. முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் முறைப்பாடு, அது தீராவிட்டால் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்பட்ஸ்மன். எந்த எந்தத் திகதி தவறியது என்று காலண்டரைப் பார்த்து எழுதுங்கள்.

எங்களுக்கு இன்னும் நிரந்தர விசா இல்லை. இதைக் கேட்டால் பிரச்சினை வருமா?

விசாவில் பொது நிதிக்கு உரிமையில்லை என்று போட்டிருந்தால், அந்தப் பட்டியலில் இருப்பவை சில குறிப்பிட்ட உதவித்தொகைகளும் வீட்டு உதவியும். பள்ளிக் கல்வியும் இ.எச்.சி பிளானும் அதில் இல்லை. ஆனால் இயலாமை உள்ள பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ கொடுப்பனவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் "எல்லாம் எடுக்கலாம்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், கவனம். டி.எல்.ஏ-க்கு முன் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கேளுங்கள்.

மீட்டிங்கில் அவர்கள் சொல்வது பாதி விளங்குவதில்லை. மூத்த மகளைக் கூட்டிப்போகலாமா?

பதினாலு வயதுப் பிள்ளை தம்பியைப் பற்றிய கெட்ட செய்தியை அம்மாவுக்கு மொழிபெயர்க்கக்கூடாது. அவள் சிலதை மென்மையாக்கிவிடுவாள், நானே பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று மீட்டிங்குக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், நடந்ததை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். விளங்காத இடத்தில் "ஓகே ஓகே" என்று சொல்லாதீர்கள். அந்த ஓகேயை "பெற்றோர் ஒப்புக்கொண்டனர்" என்று குறிப்பில் எழுதிவிடுவார்கள்.

பிளானின் வரைவு வந்திருக்கிறது. அப்படியே சரி என்று அனுப்பட்டுமா?

பொறுங்கள். கருத்துச் சொல்ல உங்களுக்குக் குறைந்தது 15 நாள் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். முழுக்க வாசிக்க நேரமில்லாவிட்டால் 'பி', 'எஃப்' இரண்டு பகுதிகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். 'பி' பகுதியில் பிள்ளையின் தேவைகள், 'எஃப்' பகுதியில் அவற்றுக்கான உதவிகள். தேவை ஒவ்வொன்றிலிருந்தும் உதவிக்கு ஒரு கோடு இழுங்கள். கோடு போய்ச் சேர இடமில்லாத தேவை இருந்தால் அதைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

பிறகு ஒரு சிவப்புப் பேனா எடுத்து "தேவைக்கேற்ப", "வாய்ப்பளிக்கப்படும்", "பயன்பெறுவான்" போன்ற சொற்கள் வரும் இடமெல்லாம் வட்டம் போடுங்கள். என் மகனின் வரைவில் 17 வட்டம். "பேச்சுச் சிகிச்சை தேவைக்கேற்ப" என்றிருந்ததை, யார், எத்தனை நிமிடம், கிழமைக்கு எத்தனை தடவை, தனியாகவா குழுவிலா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். "தகுதியான சிகிச்சையாளர், கிழமைக்கு ஒரு தடவை, 30 நிமிடம், தனியாக" என்று மாறி வந்தது. இப்போது ஒரு கிழமை தவறினாலும் எனக்கு மின்னஞ்சல் எழுத ஒரு வரி கையில் இருக்கிறது.